2147483647: ஒரு பெரிய பகா எண்ணைப் படிப்படியாக ஆராய்வது எப்படி?

பெரிய பகா எண்கள் என்றதும் பேச்சு உடனே ராட்சத எண்களுக்குப் போய்விடுகிறது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாம் ஒரு கணக்கும் போட முடியாது. யாரோ சொன்னதை நம்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் எண் 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பத்தே இலக்கம். காகிதமும் சாதாரண கால்குலேட்டரும் இருந்தால் இதன் குணங்களில் பெரும்பாலானவற்றை நீங்களே சரிபார்க்கலாம். அதே சமயம் இது சின்ன எண்ணும் அல்ல. 1772-இல் சுவிஸ் கணிதர் லியோன்ஹார்ட் ஆய்லர் இது பகா எண் என்று நிறுவிய பிறகு, முக்கால் நூற்றாண்டுக்கு மேல் மனிதர்கள் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது.

கணினியோடு பழகியவர்களுக்கு இந்த எண் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 32 பிட்டில் குறியோடு சேமிக்கும் முழு எண்ணின் உச்சவரம்பு இதுதான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கணினிக் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரப்படி அதிகாலை 3:14:07-க்கு இந்த எண்ணைத் தொட்டு நிரம்பிவிடும். ஆனால் அந்த வரம்புக்கும் இது பகா எண்ணாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. நமக்கு வேண்டியது அதன் உள்கட்டமைப்பு.

படி 1: எண்ணின் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பெரிய எண் கையில் கிடைத்தால் உடனே வகுக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். இங்கே 1 கூட்டினால் 2147483648 வருகிறது. அதைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் 31 முறையில் 1-இல் வந்து நிற்கும். ஆக நம் எண் 2³¹ − 1. இரும எண் முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், நடுவில் ஒரு சுழி கூட இல்லை.

இந்த வடிவில் உள்ள பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்கிறோம். மரின் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் துறவி. எந்தெந்த அடுக்குகள் இப்படிப் பகா எண் தரும் என்று 1644-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 31 இருக்கிறது. அதே பட்டியலில் 67, 257 என்ற இரண்டும் தவறாகச் சேர்ந்திருந்தன. 61, 89, 107 விட்டுப்போயிருந்தன.

அடுக்கில் இருக்கும் 31 பகா எண் என்பதைக் கவனியுங்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் ஆட்டம் அப்போதே முடிந்துவிடும். உதாரணமாக 2¹⁵ − 1-ஐ 2³ − 1, 2⁵ − 1 இரண்டும் மீதியின்றி வகுக்கும். ஆனால் அடுக்கு பகா எண் என்பது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த 2047-ஐ நினைவில் வையுங்கள். பகா எண் மாதிரி தோற்றம் காட்டி ஏமாற்றும் எண் அது. நம் முறைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க அடிக்கடி அதனிடம் திரும்பி வருவோம்.

படி 2: ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நம் எண்ணால் வகுக்கும்போது 2³¹-இன் மீதி 1. இவ்வளவுதான். இனி வரும் கிட்டத்தட்ட எல்லா குணங்களும் இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவை என்பது என் கருத்து. அதனால் அதைக் கொஞ்சம் பழக்கப்படுத்திக்கொள்வோம்.

முதல் பயன்: வகுக்காமலே மீதி காணலாம். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுத்த மீதியைக் காண்பது பள்ளியில் படித்ததுதான். பத்தை 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அது நடக்கிறது. இங்கே பத்தின் இடத்தில் 2³¹. எவ்வளவு பெரிய எண்ணானாலும் அதை 2³¹ அளவுள்ள துண்டுகளாக வெட்டி, துண்டுகளைக் கூட்டிவிடலாம்.

சின்ன அளவில் பார்ப்போம். 31 என்பது 2⁵ − 1. 194-ஐ 31-ஆல் வகுத்த மீதி வேண்டும். 194 = 6 × 32 + 2. ஆகவே மீதி 6 + 2 = 8. வகுத்துப் பாருங்கள், சரியாக இருக்கும்.

இப்போது பெரிய அளவில். 282475249 × 16807 = 4747561509943. இதில் 2147483648 எத்தனை முறை அடங்குகிறது? 2210 முறை. மிச்சம் 1622647863. இரண்டையும் கூட்டினால் 1622650073. நம் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் மீதி இதுதான். கணினிக்கு இந்த வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் 2³¹-ஆல் வகுப்பது அதற்கு வெறும் பிட்டுகளை நகர்த்துவது மட்டும்தான். (16807 எங்கிருந்து வந்தது என்பதைப் படி 6-இல் பார்ப்போம்.)

இரண்டாவது பயன் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த மீதிக் கணக்கில் ஓர் எண்ணை இரட்டிப்பாக்கினால் அதன் இரும இலக்கங்கள் வட்டமாக ஓர் இடம் சுழல்கின்றன. 31-ஐ வைத்துப் பாருங்கள்: 11 என்பது 01011. இரட்டித்தால் 22, அதாவது 10110. மறுபடி இரட்டித்தால் 44. 31 போக மீதி 13, அதாவது 01101. இடது ஓரத்தில் விழுந்த 1 வலது ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் பெரிய எண்ணில் 31 முறை இப்படிச் சுழன்றால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

படி 3: காரணிகளை வகுத்துத் தேடுங்கள், ஆனால் ஆய்லர் வழியில்

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே ஆக வேண்டும். 46340² = 2147395600, 46341² = 2147488281. ஆகவே 46340 வரை தேடினால் போதும். அதற்குள் சுமார் 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுப்பதென்றால் பொறுமைசாலிக்குக்கூட அலுத்துவிடும்.

இங்கே படி 2-இன் வரி உதவிக்கு வருகிறது. 'க' என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் க-ஆல் வகுக்கும்போதும் 2³¹-இன் மீதி 1 தான். 31 பகா எண் என்பதால், 2-இன் அடுக்குகள் 31-க்கு முன்னால் எங்கும் 1-ஐத் தொட முடியாது. சரியாக 31 அடிக்கு ஒருமுறை சுற்றி வரும். மறுபக்கம், 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் (க − 1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1. இரண்டும் பொருந்த வேண்டுமானால் க − 1 என்பது 31-இன் மடங்காக இருக்க வேண்டும். க ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கு.

அப்படியானால் க-வுக்கு ஒரே வடிவம்தான்: 62-இன் ஏதோ ஒரு மடங்கோடு 1. நம் 2047-இல் சோதியுங்கள். அங்கே காரணிகள் 22-இன் மடங்கோடு 1 ஆக இருக்க வேண்டும். 23 = 22 + 1, 89 = 4 × 22 + 1. பொருந்துகிறது.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆக க-ஆல் வகுக்கும் மீதிக் கணக்கில் 2 என்பது ஒரு வர்க்கமாக வந்துவிடுகிறது. இது எல்லாப் பகா எண்களிலும் நடக்காது. 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தரும் ஒற்றைப்படைப் பகா எண்களில் மட்டுமே நடக்கும். இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்தால் க-வுக்கு மிஞ்சுபவை இரண்டே வகை: 248-இன் மடங்கோடு 1, அல்லது 248-இன் மடங்கோடு 63.

இந்த இரண்டு வகைகளிலும் 46340-க்குள் இருக்கும் எண்களை எண்ணிப் பாருங்கள். முதல் வகையில் 186. இரண்டாவது வகையில், 63-ஐத் தள்ளிவிட்டால் (அது 9 × 7), மறுபடியும் 186. மொத்தம் 372. இவற்றிலும் பகு எண்களைக் கழித்தால் மிஞ்சுவது எண்பது சொச்சம். நாலாயிரத்து எண்ணூறு எங்கே, எண்பது எங்கே! ஆய்லர் 1772-இல் தாளும் பேனாவும் வைத்து இதை முடிக்க முடிந்தது இதனால்தான்.

கொஞ்சம் நீங்களும் செய்து பாருங்கள். பட்டியல் இப்படித் தொடங்கும்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489… இதில் பகா எண்கள் 311, 1303, 1489 மட்டுமே. முதலாவதை எடுப்போம். பத்து இலக்க எண்ணை வகுக்க வேண்டியதில்லை. 2-இன் அடுக்குகளை ஏற்றிக்கொண்டே போனால் போதும்.

2¹⁰ = 1024. 311-ஆல் வகுத்த மீதி 91.
2²⁰: 91 × 91 = 8281. மீதி 195.
2³⁰: 195 × 91 = 17745. மீதி 18.
2³¹: மீதி 36.

1 கழித்தால் 35. சுழி அல்ல, ஆகவே 311 காரணி அல்ல. இதே மாதிரி 1303-க்கு மீதி 226 வரும், 1489-க்கு 199. இவற்றை விடையாக வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எண்பதையும் முடிக்க ஒரு நீண்ட விடுமுறை நாள் போதும். செய்து முடித்தால், இந்த எண் பகா எண் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித் தெரிந்த செய்தியாக இருக்காது.

ஆய்லருக்கு முன்பு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இத்தாலியின் பியெட்ரோ கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் சரியாக நிறுவியிருந்தார். அதோடு 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண் தரும் என்றார். 23-ஐயும் 37-ஐயும் ஃபெர்மா 1640-இல் உடைத்தார். 29-ஐ ஆய்லர் 1738-இல் உடைத்தார். (2²³ − 1 = 47 × 178481. இங்கேயும் 47 = 46 + 1.) நான்கில் தேறியது 31 ஒன்றுதான்.

படி 4: காரணி தேடாமலே நிறுவுங்கள்

வகுத்துப் பார்க்கும் வழி எண் வளர வளரக் கைவிட்டுவிடும். வேறு சோதனை வேண்டும். இந்தக் கட்டத்தில் பலரும் ஒரு பள்ளத்தில் விழுவார்கள், அதை முதலில் காட்டிவிடுகிறேன்.

ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைச் சோதனையாக மாற்றினால் என்ன என்று தோன்றும்: 2-ஐ எடுத்து, எண்ணிலிருந்து ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. 2047-இல் செய்யுங்கள். 2046 = 11 × 186. 2¹¹-இன் மீதி 1 என்பதால் 2²⁰⁴⁶-இன் மீதியும் 1. சோதனையில் தேறிவிட்டது! ஆனால் 2047 பகு எண். மெர்சென் வடிவத்துக்கு 2 என்ற அடி எதையுமே சொல்லாது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் எல்லாமே தேறிவிடும். இணையத்தில் கிடைக்கும் சின்னச் சின்ன நிரல்கள் சில 2-ஐ மட்டும் வைத்துச் சோதிக்கின்றன. அவற்றை நம்பாதீர்கள்.

சரியான சோதனைக்கு 1870-களில் எதுவார் லூகாஸ் அடித்தளம் போட்டார். பிறகு டெரிக் ஹென்றி லெமர் அதைச் செப்பம் செய்தார். லூகாஸ்–லெமர் சோதனை என்று பெயர். அதன் எளிமையைப் பார்த்தால் இது எப்படி வேலை செய்கிறது என்றே சந்தேகம் வரும். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். நம் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்யுங்கள். சுழி வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். நடுவில் ஊகமோ நிகழ்தகவோ இல்லை.

31-க்கு (அடுக்கு 5, மூன்று சுற்று): 4 → 14 → 8 → 0. தேறியது.
127-க்கு (அடுக்கு 7, ஐந்து சுற்று): 4 → 14 → 67 → 42 → 111 → 0. தேறியது.
2047-க்கு (அடுக்கு 11, ஒன்பது சுற்று): 4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736. சுழி இல்லை. ஏமாற்றுக்காரன் பிடிபட்டான், அதுவும் 23, 89 என்ற காரணிகளை நாம் தொடாமலே.

நம் எண்ணுக்கு 29 சுற்று. தொடக்கம் 4 → 14 → 194 → 37634 → 1416317954 → 669670838. அதற்கு மேல் ஒவ்வொரு வர்க்கமும் 19 இலக்கம் வரை போகும் என்பதால், பெரிய எண்களைக் கையாளும் கால்குலேட்டரோ ஒரு சிறு நிரலோ வைத்துக்கொள்ளுங்கள். மீதி காணப் படி 2-இன் துண்டு போட்டுக் கூட்டும் முறையே போதும். 29-ஆவது சுற்றில் சுழி வரும்.

கடைசிக்கு முந்திய எண் என்னவாக இருக்கும் என்று கணக்குப் போடாமலே சொல்ல முடியுமா? முடியும். அதன் வர்க்கத்திலிருந்து 2 கழித்தால் சுழி. ஆகவே அது 2-இன் வர்க்கமூலம். பகா எண்ணின் மீதிக் கணக்கில் 2-க்கு இரண்டு வர்க்கமூலங்கள் மட்டுமே இருக்க முடியும். ஒன்று 65536 என்று படி 3-லேயே பார்த்துவிட்டோம். மற்றது அதன் எதிர். மேலே 31-க்குச் சுழிக்கு முன் வந்த 8 என்பது 2³. 127-க்கு வந்த 111 என்பது −16, அதாவது 2⁴-இன் எதிர். சோதனை முடியும் இடத்தை எண்ணே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

லூகாஸ் தன் முறையால் 1876-இல் 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். 39 இலக்க எண் அது. 2024-இன் ராட்சத எண்ணும் கடைசியில் உறுதிசெய்யப்பட்டது இதே 4-இல் தொடங்கும் சோதனையால்தான். சுற்றுகள் மட்டும் 13 கோடிக்கு மேல்.

படி 5: அண்டை வீட்டு எண்களைப் பாருங்கள்

ஒரு பகா எண்ணின் குணம் பாதிக்கு மேல் அதன் அண்டை எண்களில் ஒளிந்திருக்கிறது. இந்தப் படி சுருக்கமானது, ஆனால் அடுத்த படிக்கு அவசியம்.

இரண்டு கூட்டினால் 2³¹ + 1 = 2147483649 = 3 × 715827883. இதில் 715827883-உம் பகா எண். 2-இன் ஒற்றைப்படை அடுக்கோடு 1 கூட்டினால் எப்போதும் 3-ஆல் வகுபடும். இரண்டு கழித்தால் 2147483645, 5-இல் முடிகிறது. ஆக நம் எண்ணுக்கு இரட்டைப் பகா எண் துணை இல்லை. அருகில் இருக்கும் பகா எண்கள் கீழே 2147483629, மேலே 2147483659. இந்த அளவில் பகா எண்கள் சராசரியாக 21 அல்லது 22 எண்களுக்கு ஒன்றுதான் வரும் என்பதால் 18, 12 என்ற இந்த இடைவெளிகள் வழக்கமானவையே. 2-இலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தால் நம் எண் 10,50,97,565-ஆவது பகா எண்.

இரட்டித்து 1 கூட்டினால் 2³² − 1. அது 3 × 5 × 17 × 257 × 65537. இந்த ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள், அதாவது 2-இன் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துப் போகும் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் பகா எண்கள். இன்றுவரை அறிந்த ஃபெர்மா பகா எண்கள் இந்த ஐந்து மட்டுமே. எல்லாம் ஒரே இடத்தில் வந்து கூடுவது எனக்குக் கண்ணுக்கு விருந்து.

ஒன்று கழித்தால் 2³¹ − 2 = 2 × (2³⁰ − 1). 2³⁰ − 1-ஐ 2¹⁵ − 1, 2¹⁵ + 1 என்று பிரிக்கலாம். 32767 = 7 × 31 × 151. 32769 = 9 × 11 × 331. ஆகவே

2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331.

இந்த வரியைத் தனியாக எழுதி வையுங்கள். பெரிய பகா எண்ணிலிருந்து 1 கழித்து வரும் எண்ணைக் காரணிப்படுத்துவது பொதுவாகக் கடினமான வேலை. இங்கே வடிவத்தின் புண்ணியத்தில் இரண்டே வரியில் முடிந்தது.

படி 6: எல்லா மீதிகளையும் சுற்றி வரும் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

1 முதல் 2147483646 வரை உள்ள மீதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணின் அடுக்குகளை ஏற்றிக்கொண்டே போனால் இந்த மீதிகளுக்குள்தான் சுற்றும். 2 வெறும் 31 மீதிகளைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஒன்றையும் விடாமல் அத்தனையையும் தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும் எண் உண்டா? எந்தப் பகா எண்ணுக்கும் அப்படிப்பட்டவை உண்டு. பிரிமிட்டிவ் ரூட் என்பார்கள். நம் எண்ணுக்கு 3, 5, 6 ஆகியவையும் தேறுவதில்லை. முதலில் தேறுவது 7.

இதைச் சரிபார்க்க 214 கோடி அடுக்குகளைப் பார்க்க வேண்டாம். 7 பாதி வழியில் 1-க்குத் திரும்புமானால், அந்தப் பாதை நீளம் 2147483646-இன் ஒரு வகுத்தியாக இருக்க வேண்டும். அப்படியானால் 2147483646-ஐ அதன் பகாக் காரணிகளில் ஏதோ ஒன்றால் வகுத்து வரும் அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே 2, 3, 7, 11, 31, 151, 331 என்ற ஏழு காரணிகளுக்கும் ஒவ்வோர் அடுக்கு: ஏழே சோதனை. எந்த அடுக்கிலும் 1 வரக் கூடாது. முழு அடுக்கில் மட்டும் 1 வர வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முப்பது வர்க்கப்படுத்தல்கள் அளவு வேலை.

இதற்குள் இன்னொரு பரிசு இருக்கிறது. இந்த எட்டுக் கணக்குகளும் சேர்ந்தால், நம் எண் பகா எண் என்பதற்கு அதுவே தனி நிரூபணம். எண் பகு எண்ணாக இருந்திருந்தால் அதனோடு பொதுக் காரணி இல்லாத மீதிகள் 2147483646-ஐ விடக் குறைவாகத்தான் இருக்கும். அவ்வளவு நீளமான சுற்றுக்கு அங்கே இடமே கிடையாது. "7, அதோடு இந்தக் காரணிப் பட்டியல்" என்ற ஒரு வரியை நீங்கள் அனுப்பினால், பெறுபவர் உங்களை நம்பாமலே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

16807 எங்கிருந்து வந்தது என்பதற்கு இப்போது விடை: அது 7⁵. மொத்தச் சுற்றின் நீளமான 2147483646, 5-ஆல் வகுபடாது. ஆகவே 7-இன் பாதையில் ஐந்து ஐந்து அடியாகத் தாவினாலும் எல்லா மீதிகளையும் தொட்டுவிடலாம். 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்த மீதியை எடு, மறுபடி பெருக்கு: கணினிகளில் சமவாய்ப்பு எண்களை உண்டாக்க நெடுங்காலம் புழங்கிய முறை இது. 1969-இல் லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் இந்தப் பெருக்கெண்ணோடு இதை முன்வைத்தார்கள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். மூன்றாவது எண்ணை நாம் படி 2-லேயே கணக்கிட்டுவிட்டோம். நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு சரிபார்ப்பு: 10,000-ஆவது எண் 1043618065 ஆக இருக்க வேண்டும். ஒன்று மட்டும்: கடவுச்சொல், மறைகுறியீடு போன்ற எதற்கும் இதைத் தொடாதீர்கள். வெளியே வந்த ஒரே ஓர் எண் தெரிந்தாலும் அடுத்து வரும் அத்தனையும் தெரிந்துவிடும்.

படி 7: இதிலிருந்து பிறக்கும் எண்களைப் பாருங்கள்

தன்னைத் தவிர மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை தானாகவே இருக்கும் எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28-உம் அப்படியே. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண் தரும் என்பது யூக்ளிட் காலத்திலிருந்தே தெரியும். நம்முடையதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. இதன் எல்லா வகுத்திகளின் கூட்டல், 2³⁰-இன் வகுத்திகளின் கூட்டலான 2³¹ − 1-ஐ 2147483648-ஆல் பெருக்கியது. பின்னது 2³¹ என்பதால் விடை சரியாக அந்த எண்ணின் இருமடங்கு. எட்டாவது நிறைவெண் இது.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இனி கண்டுபிடிக்கப்படப்போகும் நிறைவெண்களில் இதைவிடப் பெரியது இருக்காது என்று எழுதினார். பயனில்லாத இவற்றுக்காக யாரும் இதற்கு மேல் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அறுபத்தைந்து ஆண்டுகளில் லூகாஸ் வந்துவிட்டார்.

கடைசியாக ஒரு கோபுரம். 31 தானும் மெர்சென் பகா எண்: 2⁵ − 1. ஆக நம் எண் மெர்சென் மேல் எழும்பிய மெர்சென். இப்படிப்பட்டவற்றில் அறிந்தவை நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. நம் எண்ணையே அடுக்காக வைத்து இன்னொரு மாடி கட்டினால் அதுவும் பகா எண்ணாக இருக்குமா? அந்த எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். லூகாஸ்–லெமர் சோதனை வைப்பது பெரும்பாடு. ஆனால் படி 3-இன் வடிகட்டி அங்கேயும் செல்லும்: காரணி எதுவானாலும் 2 × 2147483647-இன் மடங்கோடு 1 ஆகத்தான் இருக்கும். அப்படித் தேடிக் கிடைத்த காரணி 295257526626031. அதிலிருந்து 1 கழித்து 4294967294-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியின்றி 68745 வரும். கோபுரம் இந்த மாடியில் நின்றுவிட்டது.

இது உண்மையிலேயே காரணிதானா என்பதையும் நீங்களே பார்க்கலாம், நம் எண் இரும முறையில் ஒன்றுகளாகவே இருப்பது இங்கே கைகொடுக்கிறது. 2-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, இரட்டித்து, 295257526626031-ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொள்ளுங்கள். இதை முப்பது முறை செய்தால் அடுக்கு 2147483647-ஐ எட்டிவிடும். முப்பதாவது மீதி 1.